ரிவர்ஸ் போடாத வரைக்கும்

பத்து அஞ்சுக்கு வண்டி லாரிப்பேட்டைய உட்டுக் கெளம்புச்சு. திருச்செங்கோடு அடிவாரத்துக்கு அரை மணி நேரம், என்ற தம்பி தங்கமுத்து மெதுவாத்தான் ஓட்டுவான், இருபத்தாறு வருசம் நின்னு கெடந்த மூக்கு லாரி, அதைத் தொரத்த முடியாது. அடிவாரத்துல அர்ச்சனை, தேங்கா பழம், அது ஒரு அரை மணி, கூட்டம் இருந்தா முக்கா மணி, கூட்டம் இருக்கோணும் சாமி, இன்னிக்கு ஒரு நாளாவது கூட்டம் இருக்கோணும். அங்கிருந்து கருக்கம்பாளையம் இருவது நிமிசம். வண்டிக்காரரு ராசப்பண்ணன் ஊட்டு வாசல்ல ஆரத்தி எடுப்பாங்க, நாலு பேரு போட்டோ புடிப்பாங்க, அப்பறந்தான் வண்டிய செட்டுக்குள்ள உடுவாங்க. அந்தச் செட்டுக்குள்ள ரிவர்ஸ்லதான் உட முடியும். ஆக எப்படிப் பாத்தாலும் பன்னெண்டுக்கு முன்னால ரிவர்ஸ் கியர் உழுகாது. இப்ப மணி பதினொண்ணு பத்து. இந்த டவுன் பஸ்காரன் இன்னும் சங்ககிரியையே தாண்டல, ஒவ்வொரு வேப்பமரத்துக்கும் நிறுத்தறான், நிறுத்துன எடத்துல ஒருத்தர் ஏறுனா நாலு பேரு எறங்கறாங்க, எறங்குன கெழவரு மறுபடி ஏறி மறந்துட்டுப் போன மம்முட்டிய எடுக்கறாரு. எடுங்க, நல்லா நிதானமா எடுங்க, எனக்கென்ன அவசரம். என்ற பொழப்பே ஒரு லாரியோட அடிவயித்துல தொங்கிக்கிட்டுப் போகுது, அவ்வளவுதான்.

ஒண்ணும் ஆகாது. மூணு தடவ சொல்லிக்கிட்டேன், கண்டக்டர் திரும்பிப் பாத்தாரு, வாய் உட்டே சொல்லிட்டேனாட்டம் இருக்குது. ஒண்ணும் ஆகாது, ஏன்னா ரிவர்ஸ் போடாத வரைக்கும் அந்த வயர்ல கரண்டு வராது. கியர் பாக்ஸ்ல ஒரு சுவிட்ச் இருக்குது, ரிவர்ஸ் கியர் உழுந்தா அது அமுங்கும், அமுங்குனாத்தான் ஃபியூஸ் பொட்டில இருந்து பின்னால வெள்ள லைட்டு வரைக்கும் கரண்டு ஓடும். முன்னால ஓடற வரைக்கும் அது செத்த பாம்பு. திருச்செங்கோட்டுக்கு என்ன, காசிக்கே ஓட்டிட்டுப் போகலாம். ஆனா கெடந்து எந்திரிச்ச வண்டிய யாரு காசிக்கு ஓட்டறா. ரிவர்ஸ் போடுவாங்க. போடறதுக்குத்தான ராசப்பண்ணன் அந்த லைட்டையே கேட்டாரு. ஆறு மாசத்துக்கு முன்னால என்ற வயரிங் கடைக்கு வந்து நின்னு, சென்னியப்பா, பெயிண்டு அப்பறம், சீட்டு அப்பறம், ஆரன் வேலை செய்யாட்டியும் பரவால்ல, மொதல்ல எனக்குப் பின்னாடி லைட்டு எரியோணும், ரெண்டு பக்கமும் எரியோணும்னாரு. சொல்லும்போது என்னைப் பாக்கல, கடைச் செவுத்துல தொங்குன டயரைப் பாத்துக்கிட்டு நின்னாரு. எனக்கு ஏன்னு தெரியும். இந்தப் பேட்டைல தெரியாதவன் யாரு.

இருபத்தாறு வருசத்துக்கு முன்னால, பொழுதுபோற நேரம், இதே லாரி, இதே செட்டு. ஸ்டியரிங்ல ராசப்பண்ணன். பின்னால நின்னு கை காட்டுனது அவரோட அப்பா நாச்சிமுத்து ஐயா. ரிவர்ஸ் லைட்டுக் கண்ணாடி ஒடஞ்சு பல்பு இல்லாம கெடந்துது, அந்தக் காலத்துல எந்த லாரிலதான் எரிஞ்சுது, பல்புக்குச் செலவு பண்ணறதுக்குப் பதிலா கிளீனர் வாயி இருக்குதுல்ல. வரட்டும், வரட்டும், வரட்டும்னு அவரு சொல்லச் சொல்ல வண்டி போயிருக்குது. ஒரு எடத்துல சத்தம் நின்னுருச்சு. சத்தம் நின்னா வண்டிய நிறுத்தோணும், இது எங்க தொழில்ல அரிச்சுவடி, நிறுத்தச் சொல்லி ஓல்டான்னு கத்தறதுக்கு ஆளு இல்லைன்னாலும் வரட்டும்னு சொல்றதுக்கு ஆளு இல்லைன்னாலும் பிரேக்குதான். ராசப்பண்ணன் என்னத்த நெனச்சாரோ, அப்பா சும்மா இருக்காரு, அப்ப எடம் இருக்குதுன்னு இன்னொரு ரெண்டடி உட்டுட்டாரு. பின்னால செவுரு, நடுவுல ஐயா. அன்னைக்கு எறங்கினவருதான், இன்னைக்கு வரைக்கும் எந்த வண்டியையும் ரிவர்ஸ் எடுக்கமாட்டாரு, ஸ்கூட்டரக்கூட எறங்கித் தள்ளித் திருப்புவாரு. கல்யாண மண்டபத்துல காரை நிறுத்திட்டு யாராச்சும் எடுத்துக் குடுங்கப்பான்னு நிப்பாரு, ஒருத்தரும் சிரிக்கமாட்டாங்க. அப்படிப்பட்ட மனுசன் அந்த லாரிக்கு உசுரு குடுக்கோணும்னு வந்தது என்ற கிட்ட. எத்தனையோ எலக்ட்ரிக்கல் கடை இருக்குது, ஏசி வெச்ச கடை இருக்குது. என்ற கிட்ட வந்தாரு. நீ போட்ட வயருன்னா கண்ண மூடிக்கிட்டு உக்காரலாம்னாரு. அதைச் சொல்லாம இருந்துருந்தா எனக்கு இன்னிக்கு இந்தக் கெதி இல்ல. நல்லாருக்கறவனை நல்லவன்னு சொல்லிச் சொல்லியே கெடுக்கறாங்க.

வயரு நல்ல வயருதான். அதுல கொறையே சொல்ல முடியாது. பழசு பூராவும் எலி கடிச்சு வெரல் பட்டா மாவாட்டம் கொட்டுச்சு, ஒரு துண்டு உடாம உருவிப் போட்டேன். பின்னால ரெண்டு லைட்டு, அதே பழைய மாடல் கெடைக்காம கோயமுத்தூர் வரைக்கும் போயி ஒரு பழைய சாமான் கடைல ஒண்ணும், சேலத்துல ஒண்ணும் புடிச்சேன், ரெண்டுக்கும் கண்ணாடி நெறம் ஒத்துக்கல, ஒண்ணை மாத்திரம் சுண்ணாம்புத்தண்ணில ஊறப்போட்டுக் கழுவி ஒத்துக்க வெச்சேன். கியர் பாக்ஸ்ல சுவிட்சு இருந்த ஓட்டைய எவனோ போல்ட்டு வெச்சு அடைச்சுட்டான், அதைத் தட்டி எடுத்து, மரை போட்டு, புது சுவிட்சு. அங்கிருந்து சேஸ் ஓரமா, டீசல் டேங்குக்கு மேல, பின்னால வரைக்கும் பதினெட்டடி. எல்லாம் முடிச்சு நேத்து சாயங்காலம் சாவியப் போட்டு ரிவர்ஸ் தள்ளுனேன். எரிஞ்சுது. தங்கமுத்து பின்னால நின்னு ஆகா அண்ணான்னான். காத்தால ஏழு மணிக்கு மறுபடி போட்டேன், எரியல. ஃபியூஸ் போயிருந்துது. வேற போட்டேன், எரிஞ்சுது, டயர்ல ஏறி நின்னு பாடிய ஒரு ஆட்டு ஆட்டுனேன், பட்டுனு போச்சு. அப்படின்னா என்ன அர்த்தம்னு எட்டு வருசம் தொழில் பழகுனவனுக்கே தெரியும், எனக்கு முப்பது வருசம். வயரு எங்கியோ இரும்புல ஒரசி எர்த் ஆகுது. வண்டி ஆடுனா ஒரசுது, ஆடாட்டி சும்மா இருக்குது. எங்கன்னு தேடோணும், படுத்து, பதினெட்டடியும் வெரல்ல தடவித் தேடோணும். தேட ஆரம்பிச்சேன். பொய் சொல்லல, படுத்தேன், டேங்கு வரைக்கும் வந்துட்டேன். அப்பத்தான் பூசாரி டிவிஎஸ்ல வந்து எறங்குறாரு, பின்னாலயே ராசப்பண்ணன் வெள்ள வேட்டில, அவங்க சொந்தக்காரங்க ரெண்டு கார்ல. புதன்கிழமை, நல்ல நேரம் ஒம்பதே காலு பத்தே காலு.

லைட்டப் போட்டுக் காட்டு சென்னியப்பான்னாரு ராசப்பண்ணன். எல்லாரும் வண்டிக்குப் பின்னால போயி நின்னுட்டாங்க. அந்தப் பழைய வெள்ளப் பீங்கான் ஃபியூஸ் என்ற கிட்ட இருந்ததே ரெண்டு, ரெண்டும் போச்சு. பெஞ்சுல கெடந்த செம்புக்கம்பில ஒரு இழை எடுத்தேன். ஒரு இழை இல்ல, நாலு இழை முறுக்குனேன். ஃபியூஸ் எடத்துல சொருகுனேன். எல்லாரும் பண்றதுதான், இந்தப் பேட்டைல ஓடற வண்டில பாதி வண்டிக்கு ஃபியூஸ் பொட்டியத் தொறந்தா கம்பிதான் இருக்கும், ஆனா நான் பண்ணமாட்டேன், நான் பண்ணமாட்டேன்னுதான என்ற கிட்ட வர்றாங்க. ஃபியூஸ்னா அது சாகோணும், அது செத்தாத்தான் வயரு பொழைக்கும். கம்பி சாகாது. வயருதான் சாகும், பழுத்து, உருகி, டேங்குக்கு மேல. அஞ்சு நிமிசத்துக்குன்னு வெச்சேன். லைட்டக் காட்டிட்டு எடுத்துரலாம், பூசைக்கு நடுவுல படுத்து எர்த்தக் கண்டுபுடிச்சுரலாம்னு வெச்சேன். லைட்டு எரிஞ்சுது. ரெண்டும் பளிச்சுனு எரிஞ்சுது. ராசப்பண்ணன் பக்கத்துல போயி அந்தக் கண்ணாடி மேல கைய வெச்சாரு, சூடு பாக்கறாப்புல. அழுதாரு. அத்தனை பேரு முன்னால துண்டை வாயில வெச்சுக்கிட்டு அழுதாரு. அப்ப எனக்குப் பெருமையா இருந்துச்சு.

அப்பறம் எனக்கு நேரமே கெடைக்கல. மாலை போட்டாச்சு, சந்தனம் வெச்சாச்சு, பூசணிக்காய சுத்துனாங்க, நாலு டயருக்கடிலயும் எலுமிச்சம்பழம் வெச்சாச்சு. நான் மெதுவா ஃபியூஸ் பொட்டிப் பக்கம் போறேன், பூசாரி, யாரும் வண்டியத் தொடப்படாதுங்க, கற்பூரம் காட்டியாச்சு, இனி சக்கரம் முன்னாலதான் உருளோணும், அடிவாரம் போற வரைக்கும் நிறுத்தப்படாது, பின்னால ஒரு அடி எடுக்கப்படாதுங்கறாரு. எந்த வண்டிக்கும் இப்படித்தான், பழத்தை நசுக்கிட்டு முன்னால போயிரோணும். நான் இதுல ஆயிரம் வண்டிய அனுப்பிருக்கறேன். ஆனா அந்த வண்டிக்கு, அந்தக் குடும்பத்துக்கு, கற்பூரம் எரியும்போது நான் போயி, அண்ணா கொஞ்சம் நில்லுங்க, ரிவர்ஸ்ல ஒரு கோளாறுன்னு சொல்றதா? ரிவர்ஸுங்கற வார்த்தைய அந்த நேரத்துல வாயில எடுக்கறதா? அதைக் கேட்டா அந்த மனுசன் அந்த லாரில ஏறுவாரா? அபசகுனம்னு அப்படியே பழைய இரும்புக்குப் போட்டுட்டுப் போயிருவாரு. அவருக்காகத்தான் சொல்லல. ஆமா, அவருக்காகத்தான். என்னவோ எனக்காகன்னு சொல்ற மாதிரி இருக்குது, இந்தப் பஸ்ஸு எஞ்சின் சத்தமே அப்படித்தான் சொல்லுது. டிரைவர் சீட்டுல தங்கமுத்து உக்காந்துட்டான், புதுச் சட்டை போட்டுருந்தான், நான் சன்னல் கிட்டப் போனேன். அண்ணா, என்னன்னான். பக்கத்து சீட்டுல ராசப்பண்ணன் மடில தேங்காத் தட்டோட உக்காந்துருந்தாரு. பாத்துப் போடான்னேன். அவ்வளவுதான் வாயில வந்துச்சு. பழம் நசுங்குச்சு, வண்டி போயிருச்சு. பத்து அஞ்சு.

இப்ப என்ன பண்றான் இந்தப் பஸ்காரன், ஏன் நின்னுட்டான். முன்னால ஒரு போர்வண்டி, ஆழ்கெணத்துக்குக் கொழா எறக்கற ரிக் வண்டி, ரோட்டை அடச்சுக்கிட்டு குறுக்க நிக்குது, ஒரு காட்டுக்குள்ள பின்னால எடுக்கறான். இந்த ஊருக்கே போர்வண்டிதான் சாமி, அதுக்கு எல்லாரும் நிக்கோணும். நில்லுங்கடா. பதினொண்ணு இருவத்தஞ்சு. பின்னாடி அது டிங் டிங்குனு பாட்டுப் பாடுது, வெள்ள லைட்டு எரியுது, கிளீனர் ஒருத்தன் லுங்கியத் தூக்கிக் கட்டிக்கிட்டு பாடியத் தட்டித் தட்டி வரட்டும், வரட்டும்ங்கறான். நான் அந்த லைட்டையே பாக்கறேன். எரிய எரியப் பாக்கறேன். அந்த வண்டிக்கு அடில எவன் வயரு போட்டானோ, எவன் படுத்துத் தடவுனானோ, தடவலையோ, இதெல்லாம் நின்னு பாக்கற எவனுக்குத் தெரியப்போகுது, லைட்டு எரியுது, அவனுக்கு அவ்வளவுதான். எனக்கு மட்டும் அந்த வெளிச்சத்துக்குப் பின்னால பதினெட்டடி வயரு தெரியுது. கருக்கம்பாளையம் ரோடு கடைசி ரெண்டு கிலோமீட்டர் மண்ரோடு, குண்டும் குழியும். ஒரு குழி போதும். ஒரசிக்கிட்டு இருந்தது நல்லா ஒட்டிக்கும். அப்பறம் செட்டு வாசல்ல நின்னு ரிவர்ஸ் தள்ளுவான் தங்கமுத்து, பின்னால யாராவது நிப்பாங்க. கம்பி சாகாது. டேங்கு மூடிக்கு வாசர் பழசு, அதையும் மாத்தோணும்னு மெக்கானிக் சொன்னாரு, மாத்துனாங்களா? எனக்குத் தெரியல. எனக்கு எதுக்குத் தெரியோணும், அது மெக்கானிக் வேலை. தங்கமுத்துவுக்கு ரெண்டு பொண்ணுங்க.

போன் பண்ணுனா முடிஞ்சுது. அதான எல்லாரும் சொல்லுவாங்க. தங்கமுத்துவுக்குப் பண்ணலாம்னா அவன் போனு என்ற சட்டைச் சோப்புல இருக்குது, காத்தால சார்ஜ் போட்டுட்டு அப்படியே மறந்துட்டுப் போயிட்டான். அதை எடுத்துக்கிட்டுத்தான் பஸ் ஏறுனேன். அங்க போயி எறங்குனா, தம்பி போனை மறந்துட்டான், குடுக்க வந்தேன்னு சொல்லலாம், அப்படியே வண்டியப் பாக்கற மாதிரி போயி பொட்டியத் தொறந்து கம்பிய உருவிட்டா போதும், ஊரே அறியாது. லைட்டு எரியாட்டி ஃபியூஸ் போயிருக்கும்ங்கண்ணா, நாளைக்கு வந்து பாத்துத் தாறேன்னு சொல்லிக்கலாம். நல்ல யோசனை. நல்ல யோசனைதான், பஸ்ஸு போனா. ராசப்பண்ணன் நெம்பரு என்ற போன்ல இருக்குது. அமுக்குனா எடுப்பாரு. அண்ணா, ரிவர்ஸ் போடவேண்டாம்னு தம்பிகிட்டச் சொல்லுங்க. ஏன் சென்னியப்பா? ஏன்னு கேப்பாரு. அந்த ஏனுக்கு என்ன சொல்றது? சும்மாங்கண்ணா, ஒரு சின்ன வேலை பாக்கி இருக்குது. வேலை பாக்கி வெச்சுட்டா லைட்டப் போட்டுக் காட்டுன? நான் அழும்போது நீ பக்கத்துலதான நின்னுக்கிட்டு இருந்த? அமுக்குனேன். எடுக்கறதுக்கு முன்னால கட் பண்ணிட்டேன். மணி அடிச்சுதா இல்லையான்னு தெரியல. அவரு திருப்பிக் கூப்புடல, அப்ப அடிக்கலை. இல்லைன்னா கோயிலுக்குள்ள இருக்காரு. கோயிலுக்குள்ள இருந்தா நேரம் இருக்குதுன்னு அர்த்தம். பாரு, நானே எனக்கு வக்கீலு.

போர்வண்டி உள்ள போயிருச்சு. பஸ்ஸு நகருது. திருச்செங்கோடு அடிவாரம் வந்துச்சு, நான் சன்னல்ல தலைய நீட்டிப் பாத்தேன், மூக்கு லாரி இல்ல. கூட்டமும் இல்ல. ரோட்டோரமா பூ விக்கற அம்மா மட்டும் கூடையக் கவுத்து வெச்சுட்டு உக்காந்துருக்குது. புதன்கிழமை எவன் வாறான் கோயிலுக்கு. பதினொண்ணு அம்பது. ஒரு வேள வழில டீ குடிச்சுருப்பாங்க, ஒரு வேள சொந்தக்காரங்க ஊட்டுல நிறுத்திருப்பாங்க, அடிவாரம் தாண்டிட்டா நிறுத்தலாம்ல, பூசாரி அடிவாரம் வரைக்கும்தான சொன்னாரு. பக்கத்துல உக்காந்துருக்கறவரு ஏனுங்க, ஒடம்பு சரியில்லைங்களான்னாரு. வேர்வை சட்டைய நனைச்சுருச்சு. பித்தமுங்கன்னேன். பித்தந்தான், வேறென்ன. மண்ரோடு ஆரம்பிச்சுருச்சு, பஸ்ஸு ஒவ்வொரு குழிக்கும் எறங்கி ஏறுது, ஒவ்வொண்ணுக்கும் என்ற முதுகுத்தண்டுல எர்த் அடிக்குது, நான் சன்னல்ல தூரத்துல பாக்கறேன், தென்னமரத்துக்கு மேல பொகை தெரியுதான்னு பாக்கறேன். ஒரு எடத்துல தெரிஞ்சுது. எந்திரிச்சு நின்னுட்டேன். சோளத்தட்டு எரிக்கறாங்க. சாமி, சோளத்தட்டுதான். போதும். போதும்டா சென்னியப்பா. மானம் போனா போகுது, கடைய மூடிட்டு எவங்கிட்டயாவது கூலிக்குப் போயிக்கலாம். தம்பி போனா எங்க போயி வாங்குவ. அமுக்குனேன். இந்தத் தடவ கட் பண்ணல.

அண்ணா, அந்த ரிவர்ஸு, அப்படின்னு ஆரம்பிச்சேன். நானே கூப்புடலாம்னு இருந்தேன் சென்னியப்பா, அப்படின்னாரு ராசப்பண்ணன். குரல்ல கோவம் இல்ல, அதுதான் பயமா இருந்துச்சு. கோயில்ல ஆளே இல்ல, சீக்கிரம் வந்துட்டோம். செட்டுக்கு உட்டாச்சு. நாந்தான் பின்னால நின்னேன், எங்கப்பா நின்ன எடத்துல நாந்தான் நின்னு வரட்டும் சொன்னேன், லைட்டு என்ற மூஞ்சில அடிச்சுது, எனக்கு எப்படி இருந்துச்சுன்னு சொல்லத் தெரியல. அப்பறம் பொகை. டேங்கு மேல. நான் கத்தறதுக்குள்ள உன்ற தம்பி குதிச்சு உள்ள படுத்து வயரை வெறுங்கைல புடிச்சுப் பிச்சு எறிஞ்சுட்டான். தீ புடிக்கல. உள்ளங்கைத் தோலு அந்த வயரோட போயிருச்சு, தண்ணிக்குள்ள கைய வெச்சுட்டு உக்காந்துருக்கறான், டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போகக் கார் வருது. அவரு மூச்சு வாங்கறது கேட்டுச்சு. பொட்டியத் தொறந்து பாத்தா ஃபியூஸ் எடத்துல செம்புக்கம்பி. எவன் வெச்சதுன்னு கேட்டேன். நாந்தாங்க வெச்சேன், அண்ணனுக்குத் தெரியாதுங்க, அண்ணன் கிட்டச் சொல்லிராதீங்கன்னு அழுவறான். சென்னியப்பா, நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உனக்குத் தெரியுமா தெரியாதா?

பஸ்ஸுல யாரோ சில்லறைக்கு கண்டக்டரோட சண்டை போட்டுக்கிட்டு இருந்தாங்க. தெரியாதுங்கண்ணான்னேன். வாய் தானாச் சொல்லிருச்சு, யோசிக்கக்கூட இல்ல. எனக்குத் தெரியும்யா, நீ பண்ணமாட்டீன்னு எனக்குத் தெரியும்னாரு. உன்ற தம்பிங்கறதுனால உடறேன், ஆனா இனி என்ற வண்டி ஒண்ணையும் அவன் தொடப்படாது, நீ மட்டும் வா. சரிங்கண்ணான்னேன். இந்தா, அவங்கிட்டப் பேசுன்னு போனைக் குடுத்துட்டாரு. தண்ணிச் சத்தம் வந்துச்சு, யாரோ போனை அவன் காதுல புடிச்சுக்கிட்டு இருப்பாங்களாட்டம் இருக்குது, அப்பறம் அவங்க தள்ளிப் போற சத்தம். தங்கமுத்து, வலிக்குதாடான்னேன். ரொம்பச் சின்னக் குரல்ல, நீ இங்க வராதண்ணான்னான். உன்ற மூஞ்சியப் பாத்தா அவருக்குத் தெரிஞ்சுரும். பஸ்ஸு நின்னுச்சு. கருக்கம்பாளையம் எறங்கு, எறங்குன்னு கண்டக்டர் என்ற தோளத் தட்டறாரு. அடுத்த ஊருக்கு ஒரு டிக்கெட் குடுங்கன்னேன்.